சம்மட்டிக்கு எதிரே நின்ற முதுகு

மனுஷன் என்றால் முகத்தைக் காட்டித்தான் பெயர் வாங்குவான். நம்ம சலவைக்கடைக்காரர் முதுகைக் காட்டிப் பெயர் வாங்கப் பார்த்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கல்யாணமான புதிதில் தொடங்கி, தலையில் இருந்த கறுப்பெல்லாம் போய்ச் சேரும் வரைக்கும் அதே பாட்டுத்தான். கடைசியில் வாங்கியும் விட்டார். வாங்காமலே இருந்திருக்கலாம்.

கடையில் இஸ்திரி மேசைக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு பத்திரிகைப் படம் தொங்கும். சுருக்கம் விழுந்து, பழுப்பேறி, நீராவி பட்டு ஓரமெல்லாம் உப்பியிருக்கும். அதில் சம்மட்டியின் முகம் நன்றாகத் தெரியும். ஊருக்குள் குத்துச்சண்டை புதிதாக வந்த காலத்தில் ஜனங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆள் அவன். வலது கையை முழுசாக நீட்டியிருப்பான். அடித்து முடித்த கை. அவனுக்கு எதிரே ஒருவனுடைய முதுகு, சாயப்போகிற முதுகு. அவ்வளவுதான். கீழே 'சம்மட்டியின் அடி' என்று அச்சடித்திருந்தார்கள். அடி வாங்கியவன் யாரென்று ஒரு வார்த்தை இல்லை. இடம் போதவில்லையோ என்னவோ, பத்திரிகைக்காரர்கள் படத்தையும் விலா எலும்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள்.

"அது நான்தான்," என்பார் கடைக்காரர், சட்டை எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும்.

வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள், காலர் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மேடையில் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர். நீளக் கால், நீளக் கழுத்து, ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி ஒரு நிற்பு. இப்போது இஸ்திரிப் பெட்டியின் மேல் குனிந்து குனிந்து கூன் விழுந்துவிட்டது. அந்தப் படத்தில் இருந்த அகலமான முதுகை இவர் சட்டைக்குள் யாராலும் தேட முடியவில்லை.

வெளியாட்களை விடுங்கள், வீட்டுக்காரியே நம்பவில்லை. "உங்க முதுகுதான்னு எதை வச்சுச் சொல்றது? ஊர்ல முதுகு இல்லாதவன் யாரு?" என்பாள். துணிகளுக்குக் குறி போட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாள். கடைக்காரருக்குச் சுருக்கென்று தைக்கும். இருந்தும் சிரித்துவிடுவார். ஊர் நம்பாவிட்டால் போகிறது, இவள் ஒருத்தி ஒரு தடவை 'ஆமா' என்று சொல்லிவிட்டால் போதும் என்பது அவருடைய ஆசை. அதற்கு மேல் ஒரு ஆசை இருந்தது, அந்தப் படத்தின் கீழே தன் பெயர் வர வேண்டும் என்று. அதை அவர் வெளியே சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் அரைக்கதவுதான் திறந்திருக்கும். எலக்ட்ரீஷியனும், ஓய்வு பெற்ற கண்டக்டரும் வந்து துணி மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு பேரும் அந்தக் காலத்துச் சண்டைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. கேள்வி ஞானம்தான். ஆனால் பேச்சுக்குப் பஞ்சம் கிடையாது.

"இரும்புத்தாடைக்கு ஈடு எவனும் இல்லை. எத்தனை வாங்கினாலும் நின்னுட்டே இருப்பானாம்," என்பார் கண்டக்டர்.

"நின்னா ஆச்சா? விளக்குக் கம்பம்கூடத்தான் நிக்குது. கப்பல்காரன் மாதிரி சுத்திச் சுத்தி வந்து அடிக்கணும்," என்பார் எலக்ட்ரீஷியன்.

"பால்காரனை விட்டுட்டீங்களே. விடியறதுக்குள்ள பால் ஊத்திட்டு, சாயங்காலம் மேடை ஏறுவானாம்," என்பார் மறுபடி கண்டக்டர்.

கடைக்காரர் ஒரு முழுக்கைச் சட்டையை முடித்து மடித்து வைக்கும் வரை பேசமாட்டார். பிறகு தீர்ப்புச் சொல்வார். "மத்தவங்க அடிச்சா வலிக்கும். சம்மட்டி அடிச்சா, வலிக்கிறதுக்கு நீ முழிச்சிருக்க மாட்டே. அதான் வித்தியாசம்."

"வாங்கினவர் சொல்றாரு, கேட்டுக்கோங்க," என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரியின் குரல் வரும்.

அப்புறம் அவரை நிறுத்த முடியாது. அந்தக் காலத்தில் மேடை என்று தனியாக ஏது? பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றில் பலகை பரப்பி, சாக்கு சுற்றிய கயிறு கட்டியிருந்தார்கள். மொத்தக் கிடங்குக்கும் இரண்டே ஜோடி கையுறை. முன்னால் சண்டை போட்டவனின் வேர்வை காயுமுன் அதற்குள் கையை விட வேண்டும். குளிர்ந்த கஞ்சிக்குள் கை விட்ட மாதிரி இருக்கும் என்பார் அவர். கடைசி வரிசைக்காரனுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஆளுக்கு ஒரு நிறத்தில் இடுப்பில் கச்சைத் துணி. கையுறை மாட்டிய கையால் கச்சை கட்ட முடியாது. மூலையில் துணைக்கு நிற்கிறவன்தான் இறுக்கிச் சுற்றி, தலைப்பை உள்ளே செருகிவிடுவான்.

"செருகாம விட்டா?" என்று எலக்ட்ரீஷியன் எடுத்துக்கொடுப்பார். பத்துத் தடவை கேட்ட கதைதான்.

"அதுக்குப் பேரு வால்," என்பார் கடைக்காரர். அவர் முகம் கோணும். "தோத்துக்கொடுக்கிறேன்னு முன்னாடியே பேசி முடிச்சவன், பின்னால ஒரு சாண் துணியைத் தொங்கவிட்டுட்டு மேடை ஏறுவான். ஏறினதும் நாலு பக்கமும் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டணுமில்ல? அப்ப எதிராளி பார்த்துக்குவான், விஷயம் தெரிஞ்சவன் எல்லாம் பார்த்துக்குவான். வாயைத் திறந்து யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். ஆனா வால் விட்டவனோட எங்க ஆளுங்க யாரும் ஒரு பெஞ்சுல உட்கார மாட்டாங்க. நானே ஒருத்தனை எழுந்து போடான்னு சொல்லியிருக்கேன்."

சம்மட்டியோடு மோதிய அந்தச் சண்டைக்கு அவர் ஏறும்போது, அதுவரைக்கும் ஒருவனிடமும் தோற்றதில்லை. மூலையில் துணைக்கு நின்றவர் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். தையல்காரர். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்து, கட்டிக்கொடுத்த மனுஷர். கச்சைத் துணியைத் தைத்ததும் அவர், கட்டிவிட்டதும் அவர். முதல் இரண்டு சுற்றில் கொக்குதான் கொத்தியது. சம்மட்டிக்கு மூக்கில் ரத்தம். கிடங்கே வாயடைத்துப் போயிற்று. இடைவேளையில் மச்சான் பாட்டிலை வாயில் கவிழ்த்தார், ஒரே கசப்பு. "எலுமிச்சையைத் தோலோட பிழிஞ்சுட்டேன் மாப்ளே, அதான் கசக்குது. கண்ணை மூடிட்டுக் குடிச்சிரு," என்றார். குடித்தார். மூன்றாம் சுற்றில் கால் இரண்டும் தன்னுடையது இல்லை என்றாகிவிட்டது.

"முதல் சுற்றுல வயித்துல ஒண்ணு வாங்கியிருந்தேன். அது மெல்ல மெல்லக் காலுக்கு இறங்கியிருக்கு. அடிச்ச அடி அடுத்த அடுத்த சுற்றுல வேலை செய்யுதுன்னா, அவன் மனுஷனா?" என்று சொல்லும்போது கடைக்காரருடைய கண் பளபளக்கும். தோல்வியைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசுகிற மனுஷரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்று ஒன்று இருக்கிறதில்லையா? அதுதான் அவருடைய சொத்து. விழுந்தவர் கண் திறந்தபோது சம்மட்டி குனிந்து அவர் கன்னத்தில் தட்டி, "நல்லாப் பண்ணினே கொக்கு," என்றானாம். அந்த வார்த்தையைக் கடைக்காரர் பத்திரமாக வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சண்டையே கிடைக்கவில்லை. ஒரு தோல்விக்கு அப்படி ஒதுக்குவார்களா என்று அவருக்கு விளங்கவேயில்லை. கூட இருந்தவர்கள் அவர் வந்தால் எழுந்து போனார்கள். சம்மட்டியின் மூக்கில் ரத்தம் பார்த்தவன் என்ற பொறாமை என்று நினைத்துக்கொண்டார். பால்காரன் மட்டும் ஒரு படி மேலே போய், தெருவில் இவரைக் கண்டால் ஓரமாகக் காறித் துப்புவான். இன்றைக்கு வரைக்கும் துப்பிக்கொண்டுதான் இருந்தான். மச்சானுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "தங்கச்சி கஷ்டப்படக்கூடாது மாப்ளே," என்று ஒரு கடையைப் பிடித்து, மேசை, தொட்டி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வாங்கிப் போட்டு, சாவியைக் கையில் வைத்தார். மச்சான் தெய்வம் என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். மச்சான் கண்ணை மூடியபோது சொந்த அண்ணனுக்கு அழுகிற மாதிரி அழுதார்.

இந்த நிலைமையில்தான் ஊரில் குத்துச்சண்டைக்கென்று புதுக் கூடம் கட்டினார்கள். அதன் செயலாளர் விளையாட்டின் மேல் உயிரை வைத்திருந்த இளைஞர். நுழைகிற இடத்திலேயே ஆரம்ப காலத்து வீரர்களின் படங்களைச் சுவர் முழுக்க வைக்க வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுத வேண்டும் என்று அலைந்தார். மூடிக் கிடந்த ஒரு ஸ்டுடியோவின் பரணில் அந்தப் படத்தின் மூல நெகட்டிவான கண்ணாடித் தகடே கிடைத்துவிட்டது. பத்திரிகையில் வெட்டாத முழுப்படம். அதை ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கி மாட்டப் போகிறார்கள், முதுகு யாருடையது என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று செய்தி பரவியது.

கடைக்காரர் அன்றைக்கு ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டார். அத்தனை வருஷத்தில் முதல் கருகல். மத்தியானமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் அவருக்கு முன்னால் பால்காரனின் மகன் வந்து, முதுகு தன் அப்பாவுடையது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பால்காரனும் அதே கிடங்கில் சம்மட்டியிடம் விழுந்தவன்தானே.

"ரெண்டு பெரியவங்களும் ஞாயிற்றுக்கிழமை வாங்க. படத்துக்கு முன்னாடியே பேசி முடிச்சுடலாம். பேர் எழுதற பெயின்டரும் அன்னிக்குத்தான் வர்றாரு. திறப்பு விழாவுக்குப் பழைய ஆளுங்க, அவங்க குடும்பம், எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம்," என்றார் செயலாளர்.

வீட்டுக்காரி அவருடைய சட்டைக்கு அவளே கஞ்சி போட்டுத் தேய்த்தாள். அவருக்குக் கிளம்பவே கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. "நானும் வரேன். கல்யாணமானதுலேர்ந்து இந்த முதுகுப் புராணம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடறேன்," என்றாள்.

புதுச் சுண்ணாம்பு வாசனை மாறாத கூடம். பெயின்டர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். பால்காரர் தடியை ஊன்றி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன். கடைக்காரரைக் கண்டதும் பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். புதுத் தரை என்பதால் விழுங்கிக்கொண்டார்.

படம் சுவரில் சாய்ந்து நின்றது. கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அம்மாடி, என்ன முதுகு! தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சுருக்கம் இல்லாமல், வேர்வை ஒவ்வொரு சொட்டாகத் தெரிய, உயிரோடு நின்றது. தன் முதுகை இவ்வளவு நன்றாக அவர் பார்த்ததே இல்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்காரி இரண்டடி முன்னால் போனாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, பிறை மாதிரி ஒரு தழும்பு. சிறுவயதில் ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்து கிழித்துக்கொண்டது. பத்திரிகை மையில் மறைந்துபோனது இங்கே பளிச்சென்று இருந்தது. அவள் கழுத்தை நீட்டி அதை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி, வெட்கப்படுகிற மாதிரி சிரித்தாள்.

"ஏங்க," என்றாள். "இது உங்க முதுகுதாங்க."

கடைக்காரர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டு நெஞ்சு குளிர அவருக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூடக் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து பால்காரர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"இது நான் இல்லை தம்பி," என்றார் செயலாளரிடம். "மகன் தெரியாம வந்து சொல்லிட்டான். நீங்க கொக்கு பேரையே எழுதிக்கோங்க."

"எப்படிங்க ஐயா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

பால்காரர் தடியைத் தூக்கிப் படத்தின் கீழ்ப்பாதியைக் காட்டினார். பத்திரிகையில் வெட்டுப்பட்ட பாதி. "நானும் சம்மட்டிகிட்ட விழுந்திருக்கேன். ஆனா நான் வால் விட்டதில்லை."

கச்சையின் பின்புறத்தில், முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு சாண் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்ந்து தொங்கிய துணி இல்லை. தையல்காரர் கை, சுற்று இறுக்கமாக, ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தது. தலைப்பு மட்டும் நேராக, அளந்து விட்ட மாதிரி வெளியே.

"துணி கொஞ்சம் வெளிய வந்திருக்கு, அவ்வளவுதானே?" என்றார் செயலாளர். அவருக்கு அது புரியவில்லை. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ஒழிந்துபோன வழக்கம்.

கடைக்காரருக்குப் புரிந்தது. ஒரேயடியாகப் புரிந்து தொலைத்தது. எலுமிச்சைத் தோல் அவ்வளவு கசக்காது. வயிற்றில் வாங்கிய அடி காலுக்கு இறங்காது. "நல்லாப் பண்ணினே கொக்கு" என்று சம்மட்டி சொன்னது சண்டையை இல்லை, சொன்னபடி விழுந்ததை. அவர் அன்றைக்கு நாலு பக்கமும் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டியபோது, கிடங்கில் விஷயம் தெரிந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்க்காதவர் அவர் ஒருத்தர்தான். மேசை, தொட்டி, இஸ்திரிப் பெட்டி, கடைச் சாவி. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்க முடியாது என்று யார் சொன்னது? கண்ணை மூடிக்கொள் என்றால் மூடிக்கொள்கிற கொக்காக இருந்தால் பிடித்துவிடலாம். செத்துப்போன மச்சானை எழுப்பிச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"இது நான் இல்லை," என்றார் கடைக்காரர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னது?" என்றாள் வீட்டுக்காரி.

"நான் இல்லைங்கிறேன். வேற யாரோ. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நல்லாருக்கே கதை. நான்தான் நான்தான்னு இத்தனை வருஷம் என் உயிரை வாங்கிட்டு, நான் ஒத்துக்கிட்ட அன்னிக்கு இல்லைங்கிறீங்களா?" அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "பால்காரர் விட்டுக்கொடுத்துட்டார்னு கூச்சமா? தம்பி, இவர் இப்படித்தான். இங்க வாங்க. அந்தத் தழும்பைப் பாருங்க. இதையும் பாருங்க."

சொல்லிக்கொண்டே அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து தூக்கிவிட்டாள். கஞ்சி போட்ட துணி மொடமொடவென்று சத்தம் போட்டது. கூன் விழுந்து, தோல் தொங்கி, எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த அந்த முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, அதே பிறை. செயலாளர் குனிந்து பார்த்தார். பெயின்டர் வந்து பார்த்தார். பால்காரரின் மகனும் பார்த்தான். கடைக்காரர் சுவரைப் பார்த்து நின்றார். மேடையில் விழுந்தபோதுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை.

"சந்தேகமே இல்லைங்க," என்று செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயின்டரிடம் எழுத்தின் அளவைச் சொல்ல ஏணிப் பக்கம் போனார். வீட்டுக்காரியும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டாள். தழும்பு எப்படி வந்தது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமை.

கடைக்காரர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பால்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பால்காரர் எழப் பார்த்தார். தடி வழுக்கியது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார் கடைக்காரர் மெல்ல.

"எது தெரியாது?"

"பின்னால தொங்கினது."

"யாருக்குக் காது குத்தறே?"

"இன்னிக்கு, இங்கதான் பார்த்தேன். சத்தியமா."

பால்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மேடையில் எதிராளியின் கண்ணைப் பார்த்தே எந்தக் கை வரும் என்று சொல்லிவிடுகிற ஆள் ஒரு காலத்தில். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய குரல் இறங்கியது.

"உனக்குக் கச்சை கட்டினது யாரு?"

ஏணிக்குக் கீழே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரியின் பக்கம் கடைக்காரரின் பார்வை போய்த் திரும்பியது. பால்காரரும் அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடப்பாவி," என்றார். பிறகு, "எத்தனை வருஷம் உன்னைப் பார்த்துத் துப்பியிருக்கேன்," என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"வால் விட்டவன்கிட்ட யாரு பேசுவா? நீ பேசியிருப்பியா?"

பேசியிருக்க மாட்டார். எழுந்து போடா என்று அவர் துரத்தியவனுடைய முகம் இத்தனை வருஷம் கழித்து ஞாபகத்துக்கு வந்தது. அவன் அன்றைக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இவர் கேட்கவில்லை.

"நீ இல்லைன்னே சாதிச்சிரு," என்றார் பால்காரர். "நான் வேணும்னா என் முதுகுதான்னு சொல்லிடறேன். எனக்கு என்ன, இன்னும் எத்தனை நாள்."

"தழும்பைக் காட்டிட்டாளே."

அதற்குள் வீட்டுக்காரி திரும்பி வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் முகம் இப்படி இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

"ஏங்க, நான் ஒண்ணு கேட்டேன், தம்பி சரின்னுட்டார். உங்க பேருக்குக் கீழ அண்ணன் பேரையும் போடச் சொல்லியிருக்கேன். அன்னிக்குக் கூட நின்னது அவர்தானே? அந்தக் கச்சையைப் பாருங்க, எவ்வளவு அழகாக் கட்டியிருக்கார். அவர் இருந்திருந்தா இன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். நம்ம வாழ்ற வாழ்வே அவர் போட்ட பிச்சை."

பால்காரர் தடியின் நுனியால் தரையைச் சுரண்டினார். கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடலாம். இரண்டே வாக்கியம். உன் அண்ணன் என்னை விற்றான், அந்தக் காசில்தான் நீ இத்தனை வருஷம் சாப்பிட்டாய். வாய்வரைக்கும் வந்தது. அவளுக்குத் தகப்பன் என்று இருந்தது அந்த ஒருவன்தான். அவனையும் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும், இவருடைய கூன் முதுகைத் தவிர? வந்த வார்த்தையைக் கடைக்காரர் விழுங்கினார். அந்தப் பாட்டில் கசப்பை விழுங்கிய அதே தொண்டை.

பெயின்டர் ஏணி மேலிருந்து குரல் கொடுத்தார். "ஐயா, மேல சம்மட்டி, கொக்குன்னு போட்டுட்டேன். கீழ அம்மாவோட அண்ணனுக்கு என்னன்னு போடறது? உதவியாளர்னு போடட்டுமா?"

"அது நல்லாத்தான் இருக்கும்," என்றாள் வீட்டுக்காரி.

கடைக்காரர் எழுந்து ஏணியின் அடிக்குப் போனார். படத்தை இன்னொரு தடவை பார்த்தார். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்கள் வருவார்கள். மிச்சம் இருக்கிற கொஞ்சம் பேர். நேராக வாலைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கீழே இருப்பதைப் படிப்பார்கள்.

"உதவியாளர் வேண்டாம்," என்றார். "கச்சை கட்டியவர்னு போடுங்க."

"அது என்னங்க, ஒரு மாதிரி இருக்கே?"

"அப்படியே போடுங்க."

பெயின்டர் தூரிகையை நனைத்துக்கொண்டார். நாற்காலியில் பால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரி வந்து கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் வெளியே வந்திருந்த அவருடைய சட்டை நுனியை உள்ளே செருகிவிட்டாள்.